லினக்ஸ் கணினியில் விளையாடும் பிள்ளைகளுக்கும் நாம் பொறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உள்ளூர் இளைஞர்கள் உருவாக்கும் கணினி விளையாட்டுகளைப் பற்றித் தங்கள் பத்திரிகையின் தொழினுட்பப் பக்கத்தில் வெளிவரும் அறிமுகக் குறிப்புகளை ஒன்றும் விடாமல் வாசித்து வருகிறேன். மட்டக்களப்பு கல்லடியில் இருந்துகொண்டு இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஆறு ஆண்டுகளாக இதே தொழிலைச் செய்து வருபவன் என்பதால், எங்கள் மாவட்டத்துப் பெயர்களை அந்தப் பக்கத்தில் காணும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சி பெரியது. ஆனால், குறிப்பிட்ட விளையாட்டு எந்த இயங்குதளத்தில் (விண்டோஸ், லினக்ஸ் போன்று கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளில்) ஓடும் என்ற ஒரு வரியை அந்தக் குறிப்புகள் எதிலும் நான் கண்டதில்லை. விண்டோஸில் ஓடும் என்று எல்லோரும் தாமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இலவச இயங்குதளமான லினக்ஸில் ஓடும் கணினி வைத்திருக்கும் வாசகரோ, தரவு அட்டைக்குக் காசு செலவழித்துக் கோப்பைத் தரவிறக்கிய பிறகுதான் அது தனக்காகச் செய்யப்பட்டதல்ல என்பதை அறிகிறார். அதனால் இந்தக் கடிதத்தைத் தங்களுக்கு எழுதினாலும், என்னைப் போல விளையாட்டு உருவாக்கும் தம்பி தங்கைகளும் இதை வாசிக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

லினக்ஸ் என்றால் வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் கணினி விஞ்ஞானம் படிக்கும் மாணவர்களின் ஆர்வம் என்று நினைப்பவர்கள் இன்னமும் பலர். ஆனால், கடந்த சில ஆண்டுகளில் அது வேறொரு வாசலால் எங்கள் வீடுகளுக்குள் வந்துவிட்டது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் 200 ரூபாவாக இருந்த டொலர் ஒரு சில மாதங்களில் 360 ரூபாவை நெருங்கியபோது, புதிய மடிக்கணினி வாங்குவது அரசாங்கச் சம்பளம் எடுக்கும் குடும்பத்துக்கே எட்டாத காரியமாயிற்று. இருப்பதைத் திருத்தித் திருத்திப் பாவித்தோம். பிறகு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10 இற்கான வழமையான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. அடுத்ததான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் கணினியாயின் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியையும் கேட்கிறது. 2013, 2014 காலத்தில் வாங்கிய கணினி எவ்வளவு நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் அந்த வாசலில் அதற்கு அனுமதி இல்லை. நான் வழமையாகப் போகும் திருத்தும் கடையில், இப்படி வரும் கணினிகளுக்கு நினைவகத்தைக் கொஞ்சம் கூட்டி, ஒரு எஸ்எஸ்டி தட்டைப் போட்டு, லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு என்ற லினக்ஸ் வெளியீட்டை நிறுவிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே லினக்ஸ் பாவிப்பவர் இன்று யாரென்று கேட்டால், தேர்ந்த நிபுணர் மட்டுமன்றி, தகப்பன் மத்திய கிழக்கிலிருந்து பத்து வருடங்களுக்கு முன்னர் கொண்டுவந்த மடிக்கணினியில் இரவில் பாடம் பார்க்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் என்றுதான் நான் பதில் சொல்வேன்.

இதை நான் உணர்ந்தது ஒரு தொலைபேசி அழைப்பினால்தான். எங்கள் முதலாவது விளையாட்டில், மட்டக்களப்பு வாவியில் பௌர்ணமி இரவொன்றில் தோணியை ஓட்டிச் சென்று, துடுப்பை நீருக்குள் இறக்கிக் காதோடு வைத்துப் பாடுமீன் ஒலியைத் தேடவேண்டும். இங்குள்ள முதியவர்கள் செய்து காட்டிய முறையையே அப்படியே வைத்திருந்தோம். விண்டோஸுக்கு முழு மனதோடு செய்தோம். லினக்ஸுக்கான கோப்பை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தானியங்கித் தொகுப்புச் சேவை (எழுதிய நிரலைக் கணினி இயக்கக்கூடிய கோப்பாகத் தொகுத்துத் தருவது) ஒன்றின் மூலம் உருவாக்கி, ஒரு தடவையேனும் லினக்ஸ் கணினியில் திறந்து பார்க்காமல் பக்கத்தில் வைத்தோம். சில வாரங்களில், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலுள்ள ஒரு சிறிய பாடசாலையின் ஆசிரியை அழைத்தார். "தம்பி, உங்கட விளையாட்டு திறக்குது, வாவி தெரியுது, மனுசன் தண்ணிக்கு மேல நிக்கிறார், தோணியக் காணல்ல. பிள்ளைகள் தோணி எங்க எண்டு கேக்குதுகள்" என்றார். அவர்களுடைய கணினிகள் பழையவை என்று சொல்லித் தப்பிவிடலாம் என்பதே எனக்கு முதலில் வந்த எண்ணம் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அன்றிரவு அந்த எண்ணம் என்னைத் தூங்கவிடவில்லை. அடுத்த சனிக்கிழமை மண்முனைப் பாலத்தைக் கடந்து அங்கே போனேன்.

அந்த அறையில் 11 கணினிகள் இருந்தன, 7 இயங்கின. தோணி மறைந்ததற்கான காரணம் ஐந்து நிமிடத்தில் அகப்பட்டது. தோணியின் படக்கோப்புக்கு நண்பர் ஆங்கிலத்தில் பெயரிட்டபோது முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக வைத்திருந்தார், நான் நிரலில் அதே பெயரைச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தேன். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும், லினக்ஸ் அவற்றை இரண்டு வேறு பெயர்களாகக் கொள்ளும். கேட்ட பெயரில் கோப்பு இல்லாததால் தோணி வரையப்படவில்லை, எங்கள் நிரலோ அந்தத் தோல்வியைக் கவனித்து ஒரு செய்தி காட்டக்கூட எழுதப்பட்டிருக்கவில்லை. தவறு முழுவதும் எங்களுடையது. விண்டோஸ் அதை ஆறு மாதமாக மூடி மறைத்து வைத்திருந்தது.

அதோடு முடியவில்லை. விதிகளைச் சொல்லும் திரையில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. எழுத்துரு விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையில் இருக்கும் என்று நிரல் நம்பிக்கொண்டிருந்தது, லினக்ஸில் அந்தக் கோப்புறையே கிடையாது. விண்டோஸோடு வரும் லதா எழுத்துருவை நாமாக எடுத்து விளையாட்டோடு சேர்த்து விநியோகிக்கவும் முடியாது, உரிமம் இடங்கொடாது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன என்பதும், அவற்றை விளையாட்டுக்குள்ளேயே வைத்துக் கொடுக்கலாம் என்பதும் அன்றுவரை நாங்கள் சிந்தித்துப் பாராத விடயங்கள். மூன்றாவதாக, பிள்ளைகள் எடுத்த புள்ளிகள் விளையாட்டை மூடியவுடன் அழிந்துபோயின. நிரல் இருக்கும் கோப்புறையிலேயே புள்ளிகளையும் எழுத முயன்றோம், ஆசிரியை விளையாட்டை நிறுவிய அந்த இடத்தில் எழுதும் உரிமை மாணவர் கணக்குக்கு இல்லை, இருக்கவும் கூடாது. ஒவ்வொரு பயனருக்கும் உரிய வீட்டுக் கோப்புறைக்குள் சேமிக்கவேண்டும் என்பதே முறை. நாங்கள் பாவித்த எஸ்டிஎல் என்ற நிரல் நூலகம் (ஆயத்த நிரல்களின் தொகுதி) அந்த இடத்தைக் கேட்டறிவதற்கு ஒரு கட்டளையையே வைத்திருக்கிறது, நாங்கள்தான் அதைக் கேட்கவில்லை. நான்காவதாக, உபுண்டு 20.04 இருந்த இரண்டு கணினிகளில் விளையாட்டு திறக்கவே மறுத்தது. அந்தத் தொகுப்புச் சேவை அதைத் தொகுத்தது 22.04 என்ற புதிய பதிப்பில். புதிய அமைப்பில் தொகுத்த நிரல் சி நூலகம் என்ற அடிப்படை நிரல் நூலகத்தின் புதிய பதிப்பைக் கேட்கும், பழைய அமைப்பில் அது இராது. பழையதில் தொகுத்தாலோ புதியதிலும் பொதுவாக ஓடும். இவ்வளவுதான் சூட்சுமம். லினக்ஸுக்கு எழுதுபவர்கள் பல காலமாக அறிந்த விடயம் இது.

நான்கையும் திருத்த எங்கள் மூவருக்கும் மூன்று நாட்கள் பிடித்தன. அந்த மூன்று நாட்கள் லினக்ஸுக்காக மட்டும் போனவை என்று எவரும் எண்ணவேண்டாம். நிர்வாகி உரிமை இல்லாத விண்டோஸ் கணக்குகளிலும் புள்ளிகள் தொலைந்துகொண்டிருந்தன என்பதும், அதைப் பற்றி எவரும் எங்களுக்குச் சொல்லாமலே விளையாட்டைக் கைவிட்டுப் போயிருந்தார்கள் என்பதும் அதன்பிறகே தெரியவந்தன. பின்னர் அதே விளையாட்டை அண்ட்ரொயிட் கைத்தொலைபேசிக்குக் கொண்டுபோனபோது, அங்கும் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறுவேறுதான் என்பதால், முன்னரே சீர்செய்த பெயர்கள் எங்களுக்குப் பல நாள் வேலையை மிச்சமாக்கின.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் என்னிடம் முதலில் சொல்லும் மறுப்பு, லினக்ஸ் பயனர்கள் மிகக் குறைவு என்பது. குறைவுதான். இணையத்தில் கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் தன் பயனர்களிடையே மாதந்தோறும் எடுக்கும் கணிப்பில் லினக்ஸின் பங்கு 3 சதவீதத்தைத் தாண்டியதே 2025 ஒக்டோபரில்தான். ஆனால் அந்தக் கணிப்பு ஸ்டீம் கணக்கு வைத்திருப்பவர்களை மட்டுமே எண்ணுகிறது. டொலரில் பணம் செலுத்த அட்டை இல்லாத, பென்ட்ரைவில் விளையாட்டை வாங்கிப்போகும் எங்கள் பிள்ளைகள் எந்த உலகக் கணிப்பிலும் இடம்பெறுவதில்லை. அவர்களை எண்ணுவதற்கு நாம்தான் இருக்கிறோம். படுவான்கரையின் அந்த ஒரு அறையில் இயங்கிய 7 கணினிகளில் 7 உம் லினக்ஸ்.

குறைவானவர்கள்தான் கூடுதலாக முறைப்பாடு செய்கிறார்கள், அவர்களுக்குப் பதில் சொல்லியே காலம் போகிறது என்பது அடுத்த மறுப்பு. இதற்குப் பதிலாக நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது 'டெல்டா-வி: ரிங்ஸ் ஆஃப் சாட்டர்ன்' என்ற விண்வெளி விளையாட்டை உருவாக்கியவர் 2021இல் பகிரங்கமாக வெளியிட்ட கணக்கு. அதுவரை விற்ற 12,000 சொச்சம் பிரதிகளில் ஏறத்தாழ 700, அதாவது 5.8 சதவீதம், லினக்ஸ் பயனர்களுக்குப் போனவை. வந்த வழு (மென்பொருள் பிழை) அறிக்கைகள் 1,040, அவற்றுள் சுமார் 400, அதாவது 38 சதவீதம், லினக்ஸ் பயனர்கள் அனுப்பியவை. இவ்வளவில் நிறுத்திவிட்டால் மறுப்புச் சொல்பவர் வென்றுவிட்டார் என்றே தோன்றும். ஆனால் அந்த 400 அறிக்கைகளில் லினக்ஸுக்கு மாத்திரம் உரிய வழுக்கள் 3 தான் என்று அவர் தொடர்ந்து எழுதினார். மீதி எல்லாம் எல்லாக் கணினிகளிலும் இருந்த வழுக்கள், அவற்றைக் கண்டு, எப்படி மீண்டும் நிகழச் செய்வது என்று படிப்படியாக எழுதி, பதிவுக் கோப்பையும் இணைத்து அனுப்பியவர்கள்தான் லினக்ஸ் பயனர்கள். அதை அவர் சுமையாகக் கருதவில்லை, தரம் பார்க்கும் ஒரு குழுவே கிடைத்ததுபோல வரவேற்றார்.

எங்கள் அனுபவமும் அளவில் சிறியதேயன்றி வகையில் வேறானதல்ல. சம்மாந்துறையிலிருந்து உயர்தர மாணவர் ஒருவர் எங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். "அண்ணா, மூன்றாம் கட்டத்தில் தவளைச் சத்தம் வரவில்லை" என்று தொடங்கியிருந்தார். எங்கள் நிரலை அவர் பார்த்ததே இல்லை. லினக்ஸில் ஒரு செயலி எந்தெந்தக் கோப்பைத் தேடுகிறது, எதில் தோற்கிறது என்பதை வரிவரியாகக் காட்டும் எஸ்ட்ரேஸ் என்ற கருவி உண்டு. அதை ஓடவிட்டு, வெளிவந்த ஆயிரக்கணக்கான வரிகளில் தவளைச் சத்தத்துக்கான வரியை மட்டும் பிரித்தெடுத்து, கோப்பின் பெயரில் நாங்கள் விட்டிருந்த ஓர் எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டியிருந்தார். அந்தச் சத்தம் விண்டோஸிலும் ஒருநாளும் கேட்டதில்லை. மூன்று பேரும் அதைக் கவனிக்கவில்லை. அந்த மின்னஞ்சலை இன்றும் வைத்திருக்கிறேன்.

எத்தனையோ வகையான லினக்ஸ் வெளியீடுகள் இருக்கின்றன, எதற்கென்று செய்வது என்பது மூன்றாவது மறுப்பு. இதை நான் அதிகம் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. பழைய அமைப்பொன்றில் தொகுங்கள், தேவையான நூலகங்களை விளையாட்டோடு சேர்த்துக் கொடுங்கள், இரண்டே இரண்டு வெளியீடுகளில் சோதித்து அவற்றின் பெயரையும் இலக்கத்தையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். மற்றவற்றில் ஓடச் செய்யும் வழியை அந்தப் பயனர்களே கண்டுபிடித்து உங்களுக்கும் சொல்லித் தருவார்கள். பிளாட்பேக், ஆப்இமேஜ் ஆகிய பொதி முறைகளும் இந்தச் சிக்கலுக்காகவே உருவானவை. கோடோ போன்ற விளையாட்டு இயந்திரத்தை (விளையாட்டு உருவாக்க உதவும் ஆயத்த மென்பொருளை) பாவிப்பவர்களுக்கு இவ்வளவு வேலையும் கிடையாது. விண்டோஸ் கணினியில் இருந்தபடியே லினக்ஸ் கோப்பை அது உருவாக்கித் தரும். பழைய கணினிகளை மனதில் வைத்து, திரையில் படம் வரைவதற்கான புதிய முறையாகிய வல்கனைத் தவிர்த்து, பழைய முறையாகிய ஓப்பன்ஜிஎல்லில் ஓடும் இணக்க வரைகலை முறையைத் தெரிவுசெய்தால் போதும். அதிலும் சோதித்துப் பார்த்தல் மட்டும் உங்கள் கையாலேயே நடக்கவேண்டும். ஒரு பென்ட்ரைவில் லினக்ஸை எழுதி, உங்கள் கணினியின் வன்தட்டைத் தொடாமலே அதிலிருந்து இயக்கிப் பார்க்கலாம் என்பதால், இதற்கு ஒரு பென்ட்ரைவும் அரைநாளும் தவிர வேறு செலவில்லை.

புரோட்டன் இருக்கும்போது இவையெல்லாம் எதற்கு என்று இப்போது புதிதாகக் கேட்கிறார்கள். விண்டோஸ் செயலிகளை வேறு இயங்குதளங்களில் ஓடச் செய்ய 1993இல் தொடங்கிய வைன் திட்டத்தின் மேல், ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஓகஸ்டில் வெளியிட்ட புரோட்டன், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் இயங்கச் செய்வதில் வியக்கத்தக்க அளவு முன்னேறியிருக்கிறது. விண்டோஸின் வரைகலை முறையான டைரக்ட்எக்ஸின் கட்டளைகளை வல்கன் கட்டளைகளாக மாற்றித் தரும் வேலையை அது உடனுக்குடன் செய்கிறது. 2022 பெப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி லினக்ஸிலேயே ஓடுவதும் அதனால்தான் சாத்தியமாயிற்று. அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனாலும் அந்த மொழிமாற்றம் வல்கன் உள்ள வரைகலைச் சில்லைக் கேட்கிறது, எங்கள் பாடசாலைகளின் பழைய கணினிகள் பலவற்றில் அது முழுமையாக இல்லை. ஸ்டீம் கணக்கும் இணைய இணைப்பும் இல்லாத அறையில் அந்த வழி கைகொடுக்காது. நேரடிக் கோப்பைச் செய்ய உண்மையிலேயே இயலாதவர்கள் புரோட்டனை நம்பட்டும், ஆனால் நம்புவதென்றால் ஒவ்வொரு புதுப்பிப்பையும் வெளியிடும் முன்னர் அதில் ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்கவும், அதில் விளையாடுபவர் முறைப்பாடு அனுப்பினால் தம் வாடிக்கையாளராகவே நினைத்துப் பதில் எழுதவும் வேண்டும்.

ஆதரவு என்ற சொல்லுக்கு நான் கொள்ளும் பொருள் அதுதான். கோப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துவிடுவதால் ஆதரவு கொடுத்தவராகிவிட முடியாது, நாங்களே அப்படிச் செய்து பார்த்தவர்கள். அதைவிடப் பெரிய வேதனை, கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வது. 'ரொக்கெட் லீக்' என்ற புகழ்பெற்ற இணைய விளையாட்டு 2020 மார்ச்சில் லினக்ஸுக்கும் அப்பிளின் மெக் கணினிகளுக்கும் இருந்த இணையவழி ஆட்டத்தை நிறுத்தியது. இரண்டும் சேர்ந்து பயனர்களில் 0.3 சதவீதத்துக்கும் குறைவு என்று காரணம் கூறினார்கள், பணத்தைத் திருப்பித் தரவும் முன்வந்தார்கள். அவர்களுடைய கணக்கு அவர்களுக்கு. காசு கொடுத்து வாங்கி, நண்பர்களோடு ஆண்டுக்கணக்காக விளையாடிய ஒருவருக்கு அந்தப் பணம் எதைத் திருப்பித் தரும் என்பதை நாம் தொடங்கும்போதே யோசிக்கவேண்டும். செய்ய முடியாததை வாக்களிக்காமல் இருப்பதும் ஆதரவின் ஒரு பகுதியே. ஆட்டத்தில் ஏமாற்றுபவர்களைப் பிடிக்கும் மோசடித் தடுப்பு மென்பொருள் சில லினக்ஸில் ஓடுவதில்லை என்ற சிக்கல் இணையத்தில் போட்டியிட்டு ஆடும் பெரிய விளையாட்டுகளுக்கு உரியது, தனியாளாக ஆடும் விளையாட்டுகளையே பெரும்பாலும் செய்யும் எங்களைப் போன்றவர்கள் அதைக் காரணம் காட்டவே முடியாது.

மறுப்புகளுக்கு அப்பால், என் மனதை உறுத்துகின்ற ஒன்றையும் சொல்லவேண்டும். எங்கள் தொழிலின் கருவிகளைச் சற்றே எண்ணிப் பார்க்கிறேன். தோணியின் உருவத்தை வடித்தது 2002 முதல் திறந்த மூலமாக, அதாவது நிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் கூடியதாக, இருந்துவரும் பிளெண்டரில். வாவியின் நீர்நிறத்தைத் தீட்டியது கிரிட்டாவில். தவளைச் சத்தத்தைச் சீர்செய்தது ஓடாசிட்டியில். இரண்டாவது விளையாட்டை உருவாக்கியது, ஆர்ஜென்டினாவைச் சேர்ந்த இருவர் தொடங்கி 2014இல் திறந்த மூலமாக்கிய கோடோவில். இவை எதற்கும் நாங்கள் ஒரு சதமும் கட்டவில்லை. கோடோவின் மூன்றாம் பதிப்பில் தமிழ் உடைந்தே தெரிந்தது, 'கெண்டை' என்று எழுதினால் ககரத்துக்கு முன்னால் வரவேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. அதனால் தமிழ்ச் சொற்களை எல்லாம் படங்களாக வரைந்து வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாட்டை விவரித்தால் அதுவே ஒரு கடிதமாகும். 2023 மார்ச்சில் வந்த நான்காம் பதிப்பில் ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நூலகம் சேர்க்கப்பட்டதும் கொம்பு தன் இடத்துக்கு வந்தது. லினக்ஸ் மேசைக்கணினிகளிலும் அண்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளிலும் தமிழ் எழுத்துகளை ஒழுங்காகக் கோத்துத் தருவது அதே நூலகம்தான். அந்தச் சமூகத்தின் உழைப்பால் எங்கள் மொழி திரையில் நிமிர்ந்து நிற்கிறது, அந்தச் சமூகத்தின் இயங்குதளத்தில் இருக்கும் பிள்ளைக்கு எங்கள் விளையாட்டு இல்லை என்றால், உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்ன ஊரில் பிறந்து என்ன பயன்?

திறந்த மூலம் எங்கள் கரைக்கு அந்நியமானதும் அல்ல. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கல்முனையையும் மருதமுனையையும் நாவலடியையும் அடித்துச் சென்றபோது, காணாமற்போனோர் விவரங்களையும் முகாம்களின் தேவைகளையும் ஒழுங்குபடுத்துவதற்காக இலங்கையின் தன்னார்வ நிரலாளர்கள் சஹானா என்ற மென்பொருளைச் சில வாரங்களுக்குள் எழுதி, திறந்த மூலமாக உலகுக்கே கொடுத்தார்கள். பிற்பாடு வேறு நாடுகளின் பேரிடர்களிலும் அது பாவிக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. நாட்டிலேயே அதிக உயிர்களை அன்று இழந்தது அம்பாறை மாவட்டம். அந்த நினைவு எனக்கு இந்த விடயத்தில் தொழில் சம்பந்தமான ஒன்றாக மட்டும் இருப்பதில்லை.

இளைய உருவாக்குநர்களுக்கு நேரும் ஒரு அநீதியையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். அம்பாறை மாவட்டத்தின் கரையோரப் பாடசாலை ஒன்றின் மாணவர் குழு, தங்களிடம் இருந்த ஒரேயொரு லினக்ஸ் மடிக்கணினியில் நான்கு மாதம் உழைத்து ஒரு விளையாட்டைச் செய்து, கொழும்பில் நடந்த போட்டி ஒன்றுக்கு அனுப்பியது. விண்டோஸ் கோப்பு மட்டுமே ஏற்கப்படும் என்பது விதி. பிள்ளைகள் லினக்ஸிலிருந்தே விண்டோஸ் கோப்பை உருவாக்கி அனுப்பினார்கள், ஆனால் அதைத் திறந்து பார்க்க அவர்களிடம் விண்டோஸ் கணினி இருக்கவில்லை. நடுவரின் மேசையில் அது முதல் திரையிலேயே நின்றுவிட்டது. இரண்டாவது வாய்ப்புக் கொடுக்கப்படவில்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருவர் என்னிடம், "அண்ணா, எங்கட கணினியில நல்லா ஓடினதுதானே, அதை ஏன் அவங்க பார்க்கல்ல?" என்று கேட்டார். என்னால் நியாயமான ஒரு பதிலும் சொல்ல முடியவில்லை. லினக்ஸ் போட்ட ஒரு பழைய கணினியை நடுவர் மேசையில் வைப்பதற்கு எந்தப் போட்டிக்கும் பெரிய செலவு வராது, அந்த விதியை எழுதுபவர்கள் எங்கள் மாவட்டங்களின் நிலைமையை ஒரு கணம் நினைத்துப் பார்த்தால் போதும்.

வருமானம் என்ன என்று கேட்பவர்களும் உண்டு, அது தவறான கேள்வியும் அல்ல. 2010இல் ஹம்பிள் இண்டி பண்டில் என்ற பெயரில் சிறிய நிறுவனங்களின் விளையாட்டுகள் சில, வாங்குபவரே விலையைத் தீர்மானிக்கும் முறையில் ஒன்றாக விற்கப்பட்டபோது, சராசரியாக ஆகக்கூடிய தொகையைக் கொடுத்தவர்கள் லினக்ஸ் பயனர்களே. இலவச இயங்குதளம் பாவிப்பவர் எதற்கும் காசு கொடுக்கமாட்டார் என்ற பேச்சை நான் கேட்கும்போதெல்லாம் அந்தக் கணக்கைச் சொல்வேன். எங்கள் ஊர்ப் பாடசாலைகளிடம் நாங்கள் காசு வாங்குவதில்லை, அது வேறு விடயம்.

எங்கள் புதிய விளையாட்டு இந்தத் தைப்பொங்கலுக்குப் பிறகு வெளிவரும். விண்டோஸ், லினக்ஸ், அண்ட்ரொயிட் மூன்றுக்குமான கோப்புகளையும் ஒரே நாளில் வெளியிடுவதென்றும், லினக்ஸ் கோப்பை முதலில் அந்தப் படுவான்கரைப் பாடசாலையின் 7 கணினிகளிலும் ஓடவிட்டுப் பார்க்காமல் எதையும் வெளியிடுவதில்லை என்றும் மூவரும் முடிவுசெய்திருக்கிறோம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் விளையாட்டு உருவாக்கும் எவருக்கும் லினக்ஸில் சோதித்துப் பார்க்க வசதியில்லை என்றால், சனிக்கிழமைகளில் கல்லடியில் எங்கள் இடத்துக்குக் கோப்பை எடுத்துவரலாம், பழையதும் புதியதுமாக நான்கு கணினிகள் அதற்காகவே வைத்திருக்கிறோம்.

தங்களிடம் நான் கேட்பது ஒரு வரிக்கான இடம் மட்டுமே. இனித் தங்கள் தொழினுட்பப் பக்கத்தில் ஒரு விளையாட்டை அறிமுகம் செய்யும்போது, அதன் விலையையும் அளவையும் போடுகின்ற அதே இடத்தில், அது எந்தெந்த இயங்குதளங்களில் ஓடும், எவற்றில் உருவாக்குநர் தாமே சோதித்தார் என்பதையும் கேட்டு அச்சிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். எங்கள் விளையாட்டைப் பற்றி எழுத நேர்ந்தால் முதலில் எங்களிடமிருந்தே கேட்டுத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
கணினி விளையாட்டு உருவாக்குநர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.